ஏழும் ஒன்பதும் பன்னிரண்டும்: மண்டையோட்டு நரம்புகள் எண்ணப்பட்ட வரலாறு

மனித மூளையின் அடிப்புறத்திலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள துளைகளின் ஊடாக வெளியேறும் நரம்புகள் பன்னிரண்டு சோடி என்பது, இன்று மருத்துவ மாணவர் தம் முதலாண்டிலேயே மனனஞ் செய்துவிடும் பாடமாகும். மணநரம்பு முதலாக நாக்கீழ் நரம்பு ஈறாக அமைந்த அவ்வரிசை, மாற்றவியலாத இயற்கை நியதி போன்றே பாடநூல்களில் காட்சி தருகின்றது. ஆயின், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் அவற்றை ஏழு சோடி என்றார். 1664 இல் தோமஸ் வில்லிஸ் ஒன்பது என்றார். 1778 இல் சோமரிங் பன்னிரண்டு என்றார். இடைப்பட்ட 1600 ஆண்டுகளில் மனித மூளை மாறிவிடவில்லை. கையிலெடுத்து எண்ணிவிடக்கூடிய ஒரு பொருளின் எண்ணிக்கையே இவ்வாறு மாறியதெனின், மாறியது எது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும். யாருடைய உடல் வெட்டப்பட்டது, யார் வெட்டினர், எந்த நூலின் அதிகாரத்தின் கீழ் நின்று பார்த்தனர் என்பனவற்றை விடுத்து இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

முதலிற் சொல் பற்றிச் சிறிது கூறுதல் தகும். தமிழில் ‘நரம்பு’ என்பது சங்க காலத்தில் யாழின் தந்தியைக் குறித்தது. உடலில் தோலின் கீழ் புடைத்துத் தெரியும் குருதிக் குழாயையும், தசைநாணையும் அதே சொல் குறித்தது. இன்றும் நம் கிராமங்களில் ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்றால் அது நாளத்தையே குறிக்கும். இது தமிழுக்கு மட்டும் உரிய குழப்பமன்று. ‘நியூரோன்’ என்ற கிரேக்கச் சொல்லும் வில்லின் நாணையும் தசைநாணையும் சுட்டிய பின்னரே நாம் இன்று கருதும் நரம்பைச் சுட்டலாயிற்று. வெளிப் பார்வைக்கு வெண்மையான ஒரு கயிறு இன்னொரு வெண்மையான கயிறு போலவே தோன்றும். ஒன்று தசையை எலும்போடு பிணைக்கின்றது, மற்றொன்று உணர்ச்சியையும் இயக்கத்தையும் கொண்டு செல்கின்றது என்று வேறுபடுத்துவதற்கு உடலை அறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு வேறுபடுத்தியோருள் முதல்வராகக் கருதப்படுபவர் கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் ஆவார். நரம்புகள் மூளையிலும் முண்ணாணிலும் இருந்து தோன்றுகின்றன என்பதையும், அவற்றுட் சில உணர்ச்சிக்கும் சில இயக்கத்துக்கும் உரியன என்பதையும் அவர் கண்டார். தொலமி மன்னரின் ஆதரவில் மனித உடல்களை வெளிப்படையாக அறுக்கும் வாய்ப்பு அவருக்கும் அவர் காலத்தவரான எரசிஸ்திராதசுக்கும் கிடைத்தது. சிறையிலிருந்த குற்றவாளிகளை மன்னரிடமிருந்து பெற்று, உயிரோடிருக்கும்போதே அறுத்தனர் என்று உரோம நூலாசிரியர் செல்சஸ் எழுதிவைத்துள்ளார். இக்கூற்றின் உண்மை பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நரம்பியலின் முதற் பக்கத்திலேயே அரசும் சிறைக்கூடமும் இடம்பெற்றுவிடுகின்றன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையில் அவை மீண்டும் எதிர்ப்படும்.

கேலனின் காலத்தில் உரோமில் மனித உடலை அறுத்தாய்தல் வழக்கில் இல்லை. பேர்கமத்தில் மல்லர்களுக்கு வைத்தியராயிருந்து அவர்தம் காயங்களின் வழியே உடலின் உட்புறத்தைக் கண்டிருந்த அவர், குரங்கு, பன்றி, ஆடு, எருது முதலிய விலங்குகளை அறுத்தே தம் உடற்கூற்றியலைக் கட்டியெழுப்பினார். மரினஸ் என்ற முன்னோரைப் பின்பற்றி மூளையிலிருந்து எழும் நரம்புகளை ஏழு சோடியாக வகுத்தார். அவருடைய முதற் சோடி பார்வை நரம்பு. மணநரம்பை அவர் நரம்பென்றே கொள்ளவில்லை. அது மூளையின் ஒரு நீட்சி என்றார். (இக்கருத்து இன்றைய கருவியல் அறிவுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது.) முக்கிளை நரம்பை இரண்டு சோடியாகப் பிரித்தார்; முகநரம்பையும் செவிநரம்பையும் ஒரே சோடியாக்கினார்; நாத்தொண்டை நரம்பு, அலையும் நரம்பு, துணைநரம்பு ஆகிய மூன்றையும் ஆறாஞ் சோடியில் அடக்கினார். விழியை அசைக்கும் மெல்லிய கப்பி நரம்பு அவர் பட்டியலில் இல்லை.

எண்ணிக்கையிலும் பார்க்கக் கேலனின் பரிசோதனையே நமக்கு முக்கியமானது. சிந்தனையின் இருப்பிடம் இதயமா மூளையா என்பது அந்நாளைய பெரும் மெய்யியற் சர்ச்சை. அரிஸ்டோட்டில் இதயம் என்றார். ஸ்தோயிக்கரும் அவ்வாறே கூறினர். பேச்சு நெஞ்சிலிருந்து வருகின்றது, பேச்சு சிந்தனையின் வெளிப்பாடு, ஆதலாற் சிந்தனையும் நெஞ்சிலேயே உறைகின்றது என்பது அவர்தம் தருக்கம். கேலன் கத்திக்கொண்டிருக்கும் பன்றியொன்றைக் கட்டிவைத்து, அதன் கழுத்தில் குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்புகளை வெட்டினார். பன்றி மூச்சு விட்டது, துள்ளியது. குரல் மட்டும் அற்றுப்போயிற்று. அலையும் நரம்பின் கிளையாகிய அந்நரம்பு, மூளையிலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, இடப்புறத்தில் பெருநாடியைச் சுற்றி வளைந்து மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. குரல் நெஞ்சின் வழியே வருவது போலத் தோன்றினும் அதனை ஆள்வது மூளையே என்பது அனைவர் கண்முன்னும் நிரூபணமாயிற்று.

இப்பரிசோதனை உரோமில் பிளேவியஸ் பொயதஸ் என்ற உயர்குடிப் பிரமுகரின் ஏற்பாட்டில், மெய்யியலாளர் குழுமிய சபையொன்றில் நிகழ்ந்தது. தொடங்குமுன், அரிஸ்டோட்டிலிய அறிஞரான தமஸ்கஸ் அலெக்சாந்தர் என்பார், புலன்களுக்குத் தெரிவதை நம்பவேண்டும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று ஐயம் எழுப்ப, கேலன் சினந்து சபையை விட்டு வெளியேறிவிட்டார் என அவரே எழுதியுள்ளார். பின்னர் வேறு நாட்களிற் செய்து காட்டினார். பிற்கால நூற்றாண்டுகளில் இதே கேலனின் நூல்களை முன்வைத்துப் புலன்களுக்குத் தெரிந்ததை மறுத்தோர் பலர் என்பது வரலாற்றின் முரண். கழுத்துக் கழலையை அகற்றிய வைத்தியரொருவர் இந்நரம்புகளைச் சிதைத்தமையால் சிறுவன் ஒருவன் குரலிழந்த செய்தியையும் கேலன் பதிந்துள்ளார். இன்றும் கேடயச் சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்வோர் அஞ்சிப் பேணுவது இதே நரம்பையே.

கேலனின் ஏழு சோடி, அரபு மொழிக்குச் சென்றது. அல் ராசியும் இப்னு சீனாவும் அதனை ஏற்றனர். முகம் ஒருபுறம் கோணிப்போகும் நோயை ‘லக்வா’ எனப் பெயரிட்டு அரபு வைத்தியர் விரிவாக எழுதினர். நம் மரபிலும் அந்நோய் அறியப்படாததன்று. ஆயுள்வேதம் அதனை ‘அர்த்திதம்’ என்றது. தமிழ் வைத்தியம் முகவாதம் என்றது. ஆனால் நோயைக் கண்டமை வேறு, நரம்பைக் கண்டமை வேறு. சுசுருத சங்கிதை உடலாய்வை வற்புறுத்திய நூலேயாயினும், அது கூறும் முறை உடலை நீரோட்டத்தில் ஏழு இரவு ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்தகற்றிப் பார்ப்பதாகும். எலும்பையும் தசைநாணையும் காண அம்முறை உதவும். உடலில் முதலில் அழுகிக் குழைவனவற்றுள் மூளையும் ஒன்றாதலின், அதன் அடிப்புறத்து நூலிழைகள் அம்முறைக்கு அகப்பட வழியில்லை. நாடிகள் எழுபத்தீராயிரம் என்னும் மரபுத் தொகையை நரம்பியலின் முன்னறிவாகக் காட்ட முனையும் நம்மவர் சிலர், அறிவு வளர்வதற்குரிய வழிமுறையையே மறந்துவிடுகின்றனர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மறுமலர்ச்சிக் காலத்தில் 1543 இல் வெசாலியஸ் வெளியிட்ட பெருநூல் கேலனின் பல தவறுகளைத் திருத்தியது. எருதின் மூளையடியில் காணப்படும் குருதிக்குழாய் வலை மனிதனில் இல்லை என்று அவர் துணிந்து கூறினார். ஆயினும் நரம்புகளை ஏழு சோடி என்றே அவரும் வைத்துக்கொண்டார். பழைய கட்டடத்தின் சுவரை இடித்தவர் தூணில் கைவைக்கத் தயங்கினார் எனலாம். 1561 இல் பலோப்பியோ கப்பி நரம்பைத் தெளிவாக விவரித்தார். 1573 இல் வரோலியோ மூளையை மேலிருந்து சீவிச் செல்லும் பழைய முறையைக் கைவிட்டு, அதனை வெளியிலெடுத்துத் தலைகீழாக்கி அடிப்புறத்திலிருந்து ஆராய்ந்தார். இவ்வொரு முறைமாற்றம் பல நூல்களிலும் பெரிது. மேலிருந்து சீவுவோருக்கு மூளையின் அடிப்புறம் கடைசியிலேயே, அதுவும் சிதைந்த நிலையிலேயே, கைக்கெட்டும்; நரம்புகள் யாவும் இருப்பதோ அங்கேதான்.

வில்லிஸின் ஒக்ஸ்போர்டுக்கு வருவோம். 1650 டிசம்பரில், அன் கிறீன் என்ற வேலைக்காரப் பெண் அந்நகரில் தூக்கிலிடப்பட்டாள். தன் எசமான் குடும்பத்து இளைஞனால் கருவுற்று, குறைமாதத்தில் பிறந்து இறந்த சிசுவைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. அவளுடைய உடல் அறுத்தாய்வதற்காக வில்லியம் பெற்றியிடமும் தோமஸ் வில்லிஸிடமும் ஒப்படைக்கப்பட்டது. பெட்டியைத் திறந்தபோது தொண்டையில் மூச்சொலி கேட்டது. அறுக்க வந்தவர்களே அவளை உயிர்ப்பித்தனர். அவள் மன்னிக்கப்பட்டு, மணம்புரிந்து, பல ஆண்டுகள் வாழ்ந்தாள். இந்நிகழ்ச்சி வைத்தியர் இருவரின் புகழை உயர்த்திய அதிசயமாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. நாம் காண்பது வேறொன்று. எசமானின் உறவினன் எந்த அறுவை மேசைக்கும் வந்ததில்லை, வந்தவள் வேலைக்காரி. அவள் மூச்சு விடாதிருந்திருப்பின், மூளையின் அடிப்புறத்து நரம்புகளைக் காட்டிய பெயரற்ற உடல்களுள் அவளதும் ஒன்றாகியிருக்கும்.

வில்லிஸின் மூளை உடற்கூற்று நூல் 1664 இல் வெளிவந்தது. பிற்காலத்தில் சென். போல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் றென் அதற்குப் படம் வரைந்தார். றிச்சர்ட் லோவர் அறுவைகளில் உதவினார். நிறமூட்டிய திரவத்தைக் குருதிக்குழாய்களில் ஏற்றிப் பார்க்கும் முறையும் கையாளப்பட்டது. மணநரம்பு முதலிடம் பெற்றது; கப்பி நரம்புக்கு நான்காமிடம் கிடைத்தது; ஏழாஞ் சோடியில் முகநரம்பும் செவிநரம்பும் வன்பகுதி, மென்பகுதி என இணைந்து நின்றன; எட்டாஞ் சோடியில் கேலனின் பழைய மூவரும் தொடர்ந்து ஒன்றாயிருந்தனர்; நாக்கீழ் நரம்பு ஒன்பதாவது. கழுத்தின் முதல் நரம்பைப் பத்தாவதாகச் சேர்த்தார். இப்பட்டியலை உற்று நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். ஒரே துளையின் வழியே செல்வன ஒரே சோடி. வாசலை வைத்து வீட்டாரை எண்ணுவது போன்றது இது.

நூறாண்டுக்குப் பின், 1778 இல், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 23 வயது மாணவரான சாமுவேல் தோமஸ் சோமரிங் தம் பட்ட ஆய்வேட்டில் எண்ணும் அலகை மாற்றினார். நரம்பு எத்துளையால் வெளியேறுகின்றது என்பதை விடுத்து, மூளையின் எவ்விடத்தில் தோன்றுகின்றது என்பதை நோக்கினார். வில்லிஸின் ஏழு இரண்டாகவும் எட்டு மூன்றாகவும் பிரிந்தன. ஒன்பது பன்னிரண்டாயிற்று. புதிய நரம்பு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்; அதே இழைகள், வேறு அலகு.

சோமரிங்கின் பெயரைப் பன்னிரண்டோடு மட்டும் நிறுத்திக்கொள்வது பாடநூல்களுக்கு வசதியானது. ஆனால் இதே நரம்புகளைக் கொண்டு அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. விலங்குகளில் மூளைக்கு ஒப்பிடுமிடத்து நரம்புகள் தடித்தவை, மனிதனில் நரம்புகளுக்கு ஒப்பிடுமிடத்து மூளை பெரியது என்பது அவருடைய கோட்பாடு. காசல் நகரில் பேராசிரியராயிருந்த காலத்தில், அந்நாட்டு இளவரசன் கொணர்ந்து குடியேற்றியிருந்த ஆபிரிக்கர் சிலரின் உடல்களை அறுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1784 இல் வெளியிட்ட நூலில், ஆபிரிக்கரின் மூளையடி நரம்புகள் ஐரோப்பியருடையவற்றிலும் தடித்தவை, ஆதலின் மூளை ஒப்பளவிற் சிறியது என்று எழுதினார். அவர்களும் மனிதரே என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தார். எனினும் அடிமை வியாபாரம் செழித்திருந்த காலத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய உடல்களின் மீது எழுந்த அக்கூற்று, அடிமைமுறையை நியாயப்படுத்துவோர் கையில் என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. 1836 இல் ஹைடல்பேர்க் பேராசிரியர் பிரெட்றிக் தீடெமன், பல மண்டையோடுகளில் தினையை நிரப்பிக் கொள்ளளவை அளந்தும், மூளைகளை ஒப்பிட்டும், அத்தகைய வேறுபாடு எதுவும் இல்லை என்று இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் நிறுவினார். சோமரிங்கின் பன்னிரண்டு எல்லாப் பாடநூலிலும் நிலைத்தது. தீடெமனின் மறுப்போ நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

எண்ணிக்கை முடிந்தபின் தொழில் பற்றிய வினா எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் நரம்பும் ஏழாம் நரம்பும் முகத்தில் இரண்டறப் பின்னிப் பரந்திருந்தமையால், எது எத்தொழிலைச் செய்கின்றது என்பது தெரிந்திருக்கவில்லை. இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற கொடுவலியால் வருந்தியோருக்கு வலி நீங்குமென நம்பி ஏழாம் நரம்பின் கிளைகளை வெட்டிய சத்திரவைத்தியர் இருந்தனர். வலி நீங்கவில்லை, முகம் கோணிற்று. 1821 இல் சார்ள்ஸ் பெல், கழுதைகளில் செய்த பரிசோதனைகளைக் கொண்டு, இரு நரம்புகளுக்கும் தொழில் வேறு என்று காட்டினார். ஆயின் அவர் ஏழாம் நரம்பைச் சுவாசத்துக்குரிய நரம்பு என்றார். ஐந்தாம் நரம்பின் கிளையை வெட்டியதும் கழுதை உதட்டால் தீனியைப் பற்றவில்லை. ஆதலின் அக்கிளை உதட்டை இயக்குவது என்றும் எண்ணினார். அவருடைய பழைய மாணவரான ஹேர்பேட் மேயோ 1822 இல் திருத்தினார்: உதடு இயங்காமையன்று, தீனி உதட்டிற் படுவதே விலங்குக்குத் தெரியாமையே காரணம். ஐந்தாவது முகத்தின் உணர்ச்சி நரம்பு, மெல்லும் தசைகளை மட்டும் இயக்குவது. ஏழாவது முகத்தசைகளின் இயக்க நரம்பு. இத்தெளிவு மேயோவுக்குரியது, பெயரோ பெல்லின் வாதம் என்று பெல்லுக்குரியதாயிற்று.

இதே காலத்தில் பரிசில் மஜாந்தி முண்ணாண் நரம்பின் முன்வேர் இயக்கத்துக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்று 1822 இல் நிறுவ, அது 1811 இலேயே தம்மாற் கூறப்பட்டது என்று பெல்லின் தரப்பினர் உரிமை கொண்டாடினர். 1824 இல் பெல் தம் பழைய கட்டுரைகளை மறுபதிப்புச் செய்தபோது, புதிய உண்மைக்கு இசையும் வகையில் சொற்களை மாற்றியிருந்தார் என்பதை மூலத்தோடு ஒப்பிட்டோர் பின்னர் காட்டினர். தம் நாட்டுப் பெருமைக்காக ஆங்கிலேயர் நெடுங்காலம் இதனைக் காணாதிருந்தனர். மஜாந்தியின் கொடூரமான உயிரறுவைகளை இங்கிலாந்தில் கண்டித்தோர் குரலில் உண்மையான இரக்கமும் இருந்தது, பிரெஞ்சு எதிர்ப்பும் கலந்திருந்தது.

மனித உடல்கள் எங்கிருந்து வந்தன? 1752 ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக் குற்றவாளிகளின் உடல்களை அறுவைக்கு அளித்தது. அவை போதாமற் கல்லறைகள் தோண்டப்பட்டன. 1828 இல் எடின்பரோவில் பேர்க், ஹெயர் இருவரும் உடல் விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்றமை அம்பலமாயிற்று. இதன்பின் வந்த 1832 ஆம் ஆண்டு உடற்கூற்றியற் சட்டம், உரிமை கோருவார் இல்லாத உடல்களை ஆய்வுக்கு அளிக்க வழிசெய்தது. நடைமுறையில் இதன் பொருள், ஏழைகள் இல்லங்களில் இறந்தோரின் உடல் என்பதாகும். கொலைக்குத் தண்டனையாயிருந்தது வறுமைக்கு உரியதாக மாறிற்று. 1858 இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூலும், அதற்கு வன்டைக் காட்டர் வரைந்த அழகிய நரம்புப் படங்களும் இச்சட்டத்தின் காலத்து உடல்களிலிருந்தே எழுந்தன.

உயிரோடுள்ள நோயாளியில் நரம்புகளைச் சோதிக்கும் கலை இதன்பின் துரிதமாக வளர்ந்தது. ஏர்ன்ஸ்ட் வேபர் 1834 இலும் றின்னே 1855 இலும் விவரித்த முறைகளால், ஓர் இசைக்கவை செவியின் நோய் ஒலி கடத்தும் பகுதியிலா நரம்பிலா என்பதைச் சொல்லிற்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 இல் அறிமுகஞ் செய்த கருவியால், மனிதர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பார்வை நரம்பின் முகப்பு முதன்முறையாகக் காணப்பட்டது. வியன்னாவில் றொபேட் பாறணியின் கதை தனிச் சிறப்புடையது. காதைக் கழுவும்போது நீர் குளிர்ந்திருந்தாலும் சூடாயிருந்தாலும் தலைசுற்றுகின்றது என்று நோயாளர் முறையிட்டதை அவர் அசட்டை செய்யாது கேட்டார். உடற்சூட்டிலும் குளிர்ந்த நீர் விழியை ஒரு திசையிலும் சூடான நீர் எதிர்த் திசையிலும் துடிக்கச் செய்வதைக் கண்டு, உட்செவி நரம்பைச் சோதிக்கும் முறையை வகுத்தார். 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இரஷியாவில் போர்க் கைதியாயிருந்தார்.

இச்சோதனைகளின் தருக்கம் எளியதும் ஆழமானதுமாகும். நோயாளி நாக்கை நீட்டும்போது அது பழுதுற்ற நரம்பின் பக்கமாகச் சாய்கின்றது. நலமான பக்கத்துத் தசை அதனைத் தள்ளிவிடுகின்றது. ‘ஆ’ என்னும்போது உள்நாக்கு பழுதுற்ற பக்கத்தை விட்டு மறுபக்கம் இழுபடுகின்றது. முகம் கோணியவரிடம் வைத்தியர் முதலில் நெற்றியைச் சுருக்கச் சொல்வதற்கும் காரணமுண்டு. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இருபாதியிலிருந்தும் கட்டளை வருகின்றது. ஆதலின் மூளையின் ஒரு பாதியிற் குருதிக்குழாய் அடைபட்டு வாய் கோணியவருக்கு நெற்றி சுருங்கும். நெற்றியும் சுருங்காது கண்ணும் மூடாதாயின் பழுது முகநரம்பிலேயே உள்ளது. முன்னையது பாரிசவாதத்தின் அறிகுறி, உயிராபத்து. பின்னையது பெல்லின் வாதம், 72 மணித்தியாலத்துள் ஸ்டெரொயிட் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் முற்றாகக் குணமாவது. நம் முன்னோர் முகவாதம் என ஒரே பெயரிட்ட இரண்டையும் பிரிப்பது நெற்றியின் சுருக்கமே.

1976 இல் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகள் மூளைத்தண்டின் மரணத்தை வரையறுத்தபோது இந்நரம்புகள் இன்னும் கனமான பொறுப்பை ஏற்றன. ஒளிபட்டுக் கண்மணி சுருங்குகின்றதா, விழிவெண்படலத்தைத் தொட இமை மூடுகின்றதா, காதில் பனிநீர் ஊற்ற விழி அசைகின்றதா, தொண்டையைத் தொட இருமல் எழுகின்றதா என்று பார்த்து, செயற்கைச் சுவாசத்தை நிறுத்தியும் மூச்சு எழாவிடின் மனிதர் இறந்தவர் எனக் கொள்ளப்படுகின்றார். அன் கிறீனின் தொண்டையில் எழுந்த ஒலியைத் தற்செயலாகக் கேட்ட காலம் போய், ஒவ்வொரு சோடியையும் வினவி விடைகோரும் முறை வந்துவிட்டது.

பன்னிரண்டும் முடிந்த முடிபன்று. 1878 இல் சுறாவில் காணப்பட்டுப் பின்னர் மனிதனிலும் கண்டறியப்பட்ட ஒரு மெல்லிய நரம்பு, வரிசையில் இடமின்மையால் பூச்சிய நரம்பு எனப்படுகின்றது. பார்வை நரம்பு உண்மையில் மூளையின் ஒரு பகுதியே. துணைநரம்பின் பெரும்பகுதி கழுத்து முண்ணாணிலிருந்து எழுகின்றது. இவை தெரிந்திருந்தும் பன்னிரண்டு நிலைத்திருப்பது கற்பித்தலின் வசதிக்காகவே என்பது எமது துணிபு.

இவ்வரலாறு யாழ்ப்பாணத்தையும் தொட்டுச் சென்றது. 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றோர் கிராமங்களை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்வதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். தமிழிற் சொல் இல்லாவிடின் வடமொழி, அதுவும் இல்லாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலியில் தருதல் என்பது அவர்தம் நெறி. கிறேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872 இல் தமிழில் வெளிவந்தது. கவனிக்கத்தக்கது என்னவெனில், அக்காலத்துக் கிறே பதிப்புகள் வில்லிஸின் ஒன்பது சோடியையே தலைப்பாகக் கொண்டிருந்தன. சோமரிங்கின் பன்னிரண்டைத் துணைக் குறிப்பாகவே கூறின. இலண்டன் மாணவன் எந்த எண்ணிக்கைச் சர்ச்சையின் நடுவில் நின்று கற்றானோ அதே சர்ச்சையின் நடுவில், அதே காலத்தில், மானிப்பாய் மாணவன் தமிழில் நின்று கற்க வாய்ப்பிருந்தது. கொழும்பில் 1870 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அவர் காட்டிய வழியிற் சென்ற தமிழ் மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. இந்நாட்டு மருத்துவ பீடங்களின் மொழி இன்றும் ஆங்கிலமே.

பாடமொழி எதுவாயினும் சோதனையின் மொழி நோயாளியின் மொழியே. குருதியையும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் மொழியறியாமல் ஆராயலாம். மண்டையோட்டு நரம்புகளை அவ்வாறு ஆராய்தல் அரிது. நெற்றியைச் சுருக்குங்கோ, கண்ணை இறுக்கி மூடுங்கோ, பல்லைக் காட்டுங்கோ, நாக்கை நீட்டுங்கோ என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடச்செய்து ஒவ்வொரு மூக்குத் துவாரத்தருகிலும் கோப்பித்தூளையோ கராம்பையோ பிடித்து, என்ன மணம் என்று கேட்க வேண்டும். கேட்டால் விடை விளங்க வேண்டும். நம் பகுதிக் கிழவியொருத்தி ‘முகம் விறைச்சுப்போச்சு’ என்று கூறின், அச்சொல் உணர்ச்சி அற்றதையும் குறிக்கும், இறுகி அசையாதிருப்பதையும் குறிக்கும். முன்னையதாயின் ஐந்தாம் நரம்பு, பின்னையதாயின் ஏழாம் நரம்பு. பெல்லும் மேயோவும் கழுதையின் உதட்டை வைத்து வாதிட்ட அதே வேறுபாடு அவளுடைய ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அச்சொல்லை அறிந்த வைத்தியர் பஞ்சுத் துணுக்கொன்றை எடுத்து அவள் கன்னத்தைத் தொட்டு, ‘படுகுதா அம்மா?’ என்று கேட்டு, அதன் பின்னரே சிரிக்கச் சொல்கின்றார்.